பனமலைச் சுவரில் தெரிகிற கோடு வீடியோவில் எங்கே போகிறது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர்களின் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை ஒன்றாகச் சேர்த்து அறிவித்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் ஊரில். அதற்குப் பிறகு கேமராவும் டிரைபாடுமாக வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ராஜகிரி ஏறுகிறார்கள், கல்யாண மகாலைச் சுற்றி எடுக்கிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேர், பல்லவர் காலச் சுவரோவியம் இருக்கிற பனமலைக்கும் அனந்தபுரம் வழியாகப் போகிறார்கள். அதில்தான் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

இங்கே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன் என்பதால், அப்படிப் போய்வந்த பிள்ளைகளில் சிலர் ஹார்ட் டிஸ்க்கோடு என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அண்ணே, நேர்ல பாத்தப்ப முகம், கிரீடம், குடை எல்லாம் நல்லா தெரிஞ்சுது. எடிட்டிங்ல போட்டா கிளாரிட்டியே இல்ல. அப்லோட் பண்ணா சுத்தமா பிக்சல் உடையுது. சாஃப்ட்வேர்ல இன்னாண்ணே பிரச்சனை?"

கோட்டையில் எடுத்த வீடியோவுக்கு இந்தப் புகார் வருவதில்லை. நல்ல வெயில், பெரிய பெரிய பாறை, நீல வானம். சாதாரண மொபைல்கூட அங்கே நன்றாக எடுத்துவிடும். அதே மொபைல், அதே மென்பொருள், அதே ஆள். பனமலை ஓவியத்துக்கு மட்டும் ஏன் இப்படி? இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஓவியத்தைப் பற்றி. பனமலைக் குன்றின் மேல் இருக்கும் தாளகிரீஸ்வரர் கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. இரண்டாம் நரசிம்மவர்மன் என்று பாடப்புத்தகத்தில் வருகிறவன்தான் அவன். காஞ்சி கைலாசநாதர் கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இரண்டும் அவன் காலத்தவை. ஏறக்குறைய 1,300 வருஷம் ஆகிறது. கீழே நந்தன் கால்வாய் வந்து சேரும் பனமலை ஏரி. கோயில் விமானத்தோடு ஒட்டிய சிற்றாலயங்களில் வடக்குப் பக்கம் இருப்பதற்குள் தலையை நுழைத்தால், சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய அம்மன் தெரிகிறாள். தலையில் உயர்ந்த கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றிய நிலை. சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பகுதி உதிர்ந்துபோய்விட்டார். அங்கங்கே கோடுகளும் நிறத்திட்டுகளும்தான் மிச்சம். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் இந்த ஓவியங்களை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கலை வரலாற்று அறிஞர் சி. சிவராமமூர்த்தியும் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தச் சுவரில் இன்றைக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேமரா பார்க்கிற மாதிரி பாருங்கள். மங்கிய மஞ்சள் தரை. அதன் மேல் மெல்லிய செங்காவிக் கோடு. தரையும் கோடும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கின்றன. வித்தியாசம் பெரும்பாலும் நிறத்தில் மட்டும்தான். சுற்றிலும் இருட்டு. வாசல் பக்கம் கண்ணைக் கூசும் பகல். நம் கண் கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குப் பழகிக்கொண்டு, அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துவிடுகிறது. வீடியோத் தொழில்நுட்பம் முழுக்கவும் இதற்கு நேரெதிரான ஓர் எண்ணத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. வலிமை குறைந்த, நுணுக்கமான, நிறத்தில் மட்டும் வேறுபடுகிற விஷயத்தைத் தூக்கிப் போட்டாலும் பார்க்கிறவனுக்குத் தெரியாது என்பதே அந்த எண்ணம். அம்மன் முகம் முழுக்க அப்படிப்பட்ட விஷயத்தால் ஆனது.

கிளாரிட்டி போகக்கூடிய இடங்கள் நான்கு: கேமரா, எடிட்டிங் மென்பொருளின் பிரிவியூ, எக்ஸ்போர்ட், அப்லோட் செய்யும் தளம். எந்த இடத்தில் போனது என்று தெரியாமலே ஷார்ப்னெஸ் ஸ்லைடரைப் பிடித்து இழுப்பதுதான் நான் பார்க்கிற எல்லாரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். கேமராவிலிருந்து வந்த கோப்பை எந்த மாற்றமும் இல்லாமல் விஎல்சி மாதிரி ஒரு பிளேயரில் திறந்து, 100 சதவீத அளவில் வைத்து, அம்மனின் கண் தெரிகிற ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். அதே ஃபிரேமை டைம்லைனில் பாருங்கள். பிறகு பத்து நொடி மட்டும் எக்ஸ்போர்ட் செய்து அதில் பாருங்கள். கடைசியாக, அந்தப் பத்து நொடியை யாருக்கும் தெரியாத அன்லிஸ்டட் வீடியோவாக ஏற்றிப் பாருங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் படியில் கோடு காணாமல் போகிறது என்று கண்ணே சொல்லிவிடும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

என்னிடம் வருகிறதில் நிறைய, இரண்டாவது படியிலேயே தீர்ந்துவிடுகிறது. டைம்லைனில் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. 4கே வீடியோவைச் சாதாரண லேப்டாப்பில் ஓட்ட முடியாது என்பதால் மென்பொருள்கள் பிரிவியூவை மட்டும் குறைந்த ரெசல்யூஷனில் காட்டும். பிரிமியர் ப்ரோவில் புரோகிராம் விண்டோவுக்குக் கீழே ஃபுல், பாதி, கால் என்று ஒரு தேர்வு இருக்கிறது. டாவின்சி ரிசால்வில் பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷன். ஷாட்கட்டில் பிரிவியூ ஸ்கேலிங். கால் அளவில் வைத்துக்கொண்டு அம்மனின் புருவத்தைத் தேடினால் கிடைக்காது. வெட்டி ஒட்டுகிற வரைக்கும் கால் அளவே போதும். நிறம் பார்க்கும்போதும் முடிவு எடுக்கும்போதும் ஃபுல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரிவியூ பெட்டி 'ஃபிட்' என்ற அளவில் இருந்தால் அதையும் 100 சதவீதத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

இதற்கு அண்ணன் முறையில் ப்ராக்ஸி. பெரிய கோப்புக்குப் பதிலாக அதன் சின்ன நகலை வைத்து எடிட் செய்யும் வசதி அது. நல்ல வசதிதான், என் எடிட்டிங் பாதி அதில்தான் ஓடுகிறது. எக்ஸ்போர்ட் நேரத்தில் மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டும். வழக்கமாக மென்பொருளே திரும்பிவிடும். ஆனால் ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் 'யூஸ் ப்ராக்ஸி மீடியா', 'யூஸ் ஆப்டிமைஸ்டு மீடியா', 'யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்' என்று டிக் போடும் கட்டங்கள் இருக்கின்றன. கேடன்லைவின் ரெண்டர் ஜன்னலிலும் ப்ராக்ஸி கிளிப்பிலிருந்தே ரெண்டர் செய்யும் தேர்வு உண்டு. வேகத்துக்காக அதில் டிக் போட்டுவிட்டால் சின்ன நகல்தான் கடைசி வீடியோவாக வெளியே வரும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போன பிறகு மூலக் கோப்பே இல்லாமல் ப்ராக்ஸி மட்டும் டைம்லைனில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போது எச்சரிக்கையே கண்ணில் படாது. எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் எல்லா கிளிப்பும் மூலத்தோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டைம்லைன் அளவில் இன்னொரு சிக்கல். முதலில் ஏதோ ஒரு 720பி கிளிப்பை டைம்லைனில் போட்டு, மென்பொருள் "டைம்லைனையும் இதற்கேற்ப மாற்றட்டுமா" என்று கேட்டதற்குச் சரி சொல்லியிருந்தால், பிறகு எத்தனை 4கே கிளிப் போட்டாலும் எல்லாம் 720 கோட்டுக்குள்தான். பிரிமியரில் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்', 'செட் டு ஃபிரேம் சைஸ்' என்று இரண்டு இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. முதலாவது, கிளிப்பையே சீக்வென்ஸ் அளவுக்குச் சுருக்கிவிடும். அதற்குப் பிறகு அம்மன் முகத்துக்கு ஜூம் போனால், சுருங்கியதைத்தான் பெரிதாக்குகிறீர்கள். இரண்டாவது, மூலத்தின் பிக்சல்களை அப்படியே வைத்துக்கொண்டு காட்டும் அளவை மட்டும் மாற்றும். சுவரோவியத்துக்கு எப்போதும் இரண்டாவதுதான்.

ஐபோன் 12 முதல் வந்த ஐபோன்களிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் வீடியோ எச்டிஆரில் பதிவாகிறது. அதைச் சாதாரண டைம்லைனில் போட்டால் வாசல் பக்கம் வெள்ளையாக வெந்துபோய், சுவர் வெளிறித் தெரியும். அப்போது கிளாரிட்டி குறையவில்லை, வெளிச்ச அளவுகளைத் தவறாக வாசிக்கிறது மென்பொருள். கலர் மேனேஜ்மென்ட்டில் கிளிப்பின் கலர் ஸ்பேஸைச் சரியாகச் சொன்னால் போதும். இன்னும் எளிது, பனமலைக்குக் கிளம்பும் முன்பே போனில் எச்டிஆரை அணைத்துவிடுவது.

அடுத்து, கேமராவிலேயே கோடு பதிவாகாத கதை. இதுதான் வருத்தமானது. எந்த எடிட்டரும் இதை மீட்க முடியாது.

இருட்டில் போன் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஓவை உயர்த்துகிறது, அதனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. அந்தப் புள்ளிகளை மறைக்கத் தானாகவே ஒரு வழவழப்பு போடுகிறது. நாய்ஸையும் மெல்லிய செங்காவிக் கோட்டையும் அந்த வழவழப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது; இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. ஒரு முகத்தில் பருவைத் துடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே துடைபடுவது பல்லவ ஓவியன் இழுத்த கோடு. இன்னொன்று, '3எக்ஸ்' என்று ஜூம் அழுத்தினால் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுக்கிறது என்று நம்புகிறோம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் முக்கிய லென்ஸுக்கே மாறி, அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. சந்தேகமிருந்தால் டெலிஃபோட்டோ லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் படம் மறையவில்லை என்றால் அந்த லென்ஸ் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

அதனால் புரோ மோடு. ஐஎஸ்ஓவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, ஷட்டரை 1/50 நொடி, கை அசையாமல் நிற்க முடிந்தால் 1/25 என்று வையுங்கள். ஃபிரேம் வேகம் 25. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், யாராவது எல்இடி விளக்கு பிடித்தால்கூட இந்த அளவுகளில் திரையில் பட்டை பட்டையாக ஓடுவது பெரும்பாலும் இருக்காது. ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் அம்மன் முகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசல் ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் சுவர் இருண்டுபோகும். ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள், காவி நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறக் கூடாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஓவியத்துக்கு அது கெடுதல். கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிரைபாட் வைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லையென்றால் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், ஓவியம் இருக்கிற சுவரைத் தொடாமல்.

நான் எல்லாப் பிள்ளைகளிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: ஓவியம் அசையாது. அசையாத பொருளை எதற்கு வீடியோவாக எடுக்க வேண்டும்? 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் 83 லட்சம் பிக்சல். 1080பி என்றால் 21 லட்சம்தான். சாதாரணப் போனின் ஸ்டில் போட்டோவிலேயே 120 லட்சம் இருக்கிறது, அதுவும் ரா கோப்பாக எடுத்தால் வீடியோவின் சுருக்கமும் வழவழப்பும் அதில் கிடையாது. ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து எடுத்த 16 படங்களைக் கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் நாய்ஸ் கால்வாசியாகக் குறைந்துவிடும்; கோடு அப்படியே நிற்கும். அந்தப் படத்தை டைம்லைனில் போட்டு, கிரீடத்திலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து மடித்த காலுக்கும் மெதுவாக நகர்த்துங்கள். நாலாயிரம் பிக்சல் அகலப் படத்தை 1080பி டைம்லைனில் இரண்டு மடங்கு ஜூம் செய்தாலும் ஒரு பிக்சல்கூட உடையாது. குன்று, ஏரி, ஏறி வருகிற படி, காற்று இதையெல்லாம் வீடியோவாக எடுங்கள். சுவரைப் போட்டோவாக எடுங்கள்.

இப்போது எக்ஸ்போர்ட். இங்கேதான் அந்தத் தூக்கிப் போடும் எண்ணம் கணக்காக மாறுகிறது. வீடியோச் சுருக்கத்தின் ஆணிவேர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற கணித முறை. 1974 ஜனவரியில் ஒரு சின்னக் கட்டுரையாக வெளியானது. எழுதிய மூவரும் நம் பக்கத்து ஆட்கள்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவ். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு போட்டோவிலும் 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 வீடியோக்களிலும் அவர்கள் கணக்குதான், அல்லது அதன் வாரிசுதான், ஓடுகிறது. படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் பெரிய அலைகளும் நுண்ணிய அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதுகிறார்கள். நுண்ணிய அலைகளில் வலிமை குறைந்தவற்றைப் பூஜ்ஜியமாக்கினால் கோப்பு பல மடங்கு சிறியதாகிவிடும். முகம், மரம், கூட்டம் எதிலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மகத்தான கண்டுபிடிப்பு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது இல்லாவிட்டால் செஞ்சியில் உட்கார்ந்து எடிட் செய்வதை யாருக்கும் அனுப்பவே முடியாது. ஆனால் அம்மனின் இமைக்கோடு வலிமை குறைந்த நுண்ணிய அலை. பிட்ரேட் குறையக் குறைய முதலில் பூஜ்ஜியமாகிறவற்றில் அதுவும் சேர்ந்துவிடுகிறது.

நிறத்துக்கு இன்னொரு வெட்டு. போன் வீடியோக்கள் பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில் பதிவாகின்றன. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக எழுதுவார்கள்; நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். நாலு வீட்டுக்கு ஒரே தெருக்குழாய் மாதிரி. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள் என்றால் வித்தியாசம் வெளிச்சத்திலேயே இருப்பதால் பாதிப்பு இல்லை. மஞ்சள் தரையும் செங்காவிக் கோடும் வெளிச்சத்தில் ஒன்றாகி நிறத்தில் மட்டும் பிரிகிற இடத்தில், கோட்டின் ஓரம் கலங்கிவிடும். 1080பி டைம்லைனுக்கு 4கேவில் எடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். 4கேவின் நான்கு பிக்சல் சுருங்கி ஒன்றாகும்போது நிறமும் பிக்சலுக்கு ஒன்றாகக் கிடைத்துவிடுகிறது.

பிட்ரேட் எவ்வளவு வைப்பது? யூடியூப் தன் பரிந்துரையில் நொடிக்கு 30 ஃபிரேம் வரையிலான சாதாரண வீடியோவுக்கு 1080பி என்றால் 8 மெகாபிட், 1440பி என்றால் 16, 4கே என்றால் 35 முதல் 45 என்கிறது. இது குறைந்தபட்ச வழிகாட்டுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக் காட்சிக்கு நான் அதற்கு இரண்டு மடங்கு வைக்கிறேன். கோப்பு பெரிதாகும், அப்லோட் நேரம் கூடும், அதற்கு ராத்திரி இருக்கிறது. பிட்ரேட் உயர்த்துவதற்கு முன்னால் நாய்ஸைக் குறையுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கிற புள்ளிகளை எழுதுவதிலேயே கோடெக் தன் பிட்டுகளைச் செலவழித்துவிட்டால், கோட்டுக்கு மிச்சமிருக்காது. ரிசால்வில் நாய்ஸ் ரிடக்ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. பல ஃபிரேம்களை ஒப்பிட்டு வேலை செய்கிற டெம்போரல் வகையைப் பயன்படுத்துங்கள். ஒரே ஃபிரேமுக்குள் மழுப்புகிற ஸ்பேஷியல் வகையை ஓவியத்தின் மேல் காட்டாதீர்கள்.

மொபைல் வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது; வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கிப் போவதும், பேச்சு உதட்டோடு பொருந்தாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். மீடியாஇன்ஃபோவில் திறந்தால் வேரியபிள் என்று காட்டும். ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டாக மாற்றிக்கொள்ளலாம், தரத்தை உயர்வாக வைத்து.

நான்காவது படி, தளம். யூடியூபில் ஏற்றிய உடனே பார்த்துவிட்டு மனம் உடையாதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் வரும், உயர்ந்த ரெசல்யூஷன் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதன் பிறகும் மோசமென்றால், வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள். கோடெக் என்ற இடத்தில் ஏவிசி1 என்று இருந்தால் பழைய எச்.264. விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால் மேலான சுருக்கம். 1440பி, 4கே அளவில் ஏற்றுகிற வீடியோக்களுக்கு மேலான கோடெக் கிடைக்கிறது. அதனால் 1080பி வேலையாக இருந்தாலும் 1440பியாகவோ 4கேவாகவோ பெரிதாக்கி ஏற்றுவது எடிட்டர்களிடையே பழகிப்போன வழி, பனமலைக் காட்சியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. ஏரிக்கு மேல் சாயங்கால வானம் படிப்படியாகப் பட்டை தட்டினால், எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் மெல்லிய ஃபிலிம் கிரெயின் கொஞ்சம் சேருங்கள். வானத்துக்கு மட்டும், சுவருக்கு வேண்டாம்.

நண்பரிடமிருந்து கிளிப் வாங்குகிறீர்களா? வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது வழியிலேயே சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை மூலக் கோப்பு அப்படியே வரும். எத்தனையோ பேர் வாட்ஸ்அப் கிளிப்பை வைத்துக்கொண்டு எடிட்டிங் மென்பொருளைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். மங்கலான வீடியோவை ஏஐ அப்ஸ்கேலிங்கில் கொடுத்து "எச்டி ஆக்கிட்டேன்" என்று கொண்டுவருகிறார்கள். அந்தக் கருவி இல்லாத விவரத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை; லட்சக்கணக்கான வேறு படங்களில் கற்றதை வைத்து இங்கே இருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசை முகத்துக்கு அதைச் செய்தால் ஒத்துக்கொள்கிறேன். பனமலைச் சுவரில் சாந்து உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒரு விழி வரைந்து, அதைப் பல்லவர் ஓவியம் என்று ஊர் உலகத்துக்குக் காட்டுவது அடுக்காது. நாளைக்கு ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ராஜசிம்மன் காலத்துக் கோடு எப்படி இருந்தது என்று படிக்கப் போகிறது. உதிர்ந்தது உதிர்ந்ததாகவே தெரியட்டும்.

மங்கிய கோடுகளை நேர்மையாகவே தூக்கிக்காட்ட வழி இருக்கிறது. பாறை ஓவியங்களைப் பார்ப்பதற்காக ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற கருவி, படத்தில் ஏற்கெனவே இருக்கிற நிற வித்தியாசங்களை மட்டும் அகலப்படுத்துகிறது. நம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் இருக்கிற செங்காவி உருவங்களைப் போன்றவற்றுக்கு மிகவும் பொருத்தமானது. நிறங்கள் உண்மையானவையாக இருக்காது, ஊதாவும் பச்சையுமாக வரும். கோடு உண்மையாக இருக்கும். வீடியோவில் அந்தப் படத்தை மூலப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, நிறம் மாற்றப்பட்டது என்று கீழே எழுதிக் காட்டுங்கள். பார்க்கிறவர்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன். எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே ஓரளவுக்கு இதைச் செய்யலாம். ஒவ்வொரு நிறச் சேனலையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். காவிக் கோடு ஏதாவது ஒன்றில் மற்றதைவிட அழுத்தமாகத் தெரியும். தனிச் சேனலில், அதுவும் நீலத்தில், நாய்ஸ் அதிகம் என்பதால் நல்ல ஸ்டில் படமாக இருந்தால்தான் பயன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், விழுப்புரம் மாவட்டத்து வீடியோகிராபர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பனமலைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் விஎச்எஸ்ஸிலோ மினி டிவியிலோ எடுத்திருப்பீர்கள். வேண்டுதல், மொட்டை, கல்யாணம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கேமரா ஓடியிருக்கும். அம்மன் சுவர் ஓரிரு நொடி அதில் வந்திருக்கும். டிஜிட்டல் ஆக்கும்போது 720க்கு 576 என்ற மூல அளவிலேயே, இன்டர்லேஸ்டாகவே, சுருக்காமல் எடுத்து வையுங்கள். கடையில் கொடுத்தால் சின்ன எம்பி4 ஆக்கி பென்டிரைவில் போட்டுத் தருவார்கள், அது மட்டும் போதாது என்று சொல்லுங்கள். மினி டிவியை ஃபயர்வயர் வழியாக இறக்கினால் டேப்பில் இருப்பது துளி குறையாமல் வரும். டைம்லைனில் போடும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இன்டர்லேஸ்டு வீடியோவை அப்படியே காட்டினால் அப்படித்தான் தெரியும். ஃபீல்டு வரிசையை மினி டிவிக்கு லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்று கிளிப்பின் அமைப்பில் வைத்து, டீஇன்டர்லேஸ் செய்தால் சரியாகிவிடும். டேப் பிளேயர் இல்லை, கேபிள் இல்லை என்று யாராவது தயங்கினால் கீழே எழுதுங்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு மினி டிவி கேமரா இருக்கிறது. பனமலைக் காட்சி இருக்கிற டேப்புக்கு நான் காசு வாங்க மாட்டேன்.